பேஸ்மேக்கர் இருக்கும்போது மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை: முழுமையான வழிகாட்டி

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருக்கிறது என்பதற்காகக் கதிர்வீச்சு சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முறையே மாறுவதில்லை, முன்னேற்பாடுகள்தான் கூடுகின்றன. அந்த ஏற்பாடுகளின் வரிசை குலையும்போதுதான் சிக்கல் வருகிறது. ஸ்கேன் எடுத்து, திட்டம் போட்டு, முதல் நாள் மேசையில் படுத்த பிறகு "தோளுக்குக் கீழே இது என்ன மேடு?" என்று தொழில்நுட்பர் கேட்டால் அன்றைய சிகிச்சை நின்றுவிடும். சில நேரம் திட்டத்தையே முதலிலிருந்து போட வேண்டிவரும்.

புற்றுநோய்ப் பிரிவினர் தினமும் பேஸ்மேக்கரைப் பார்ப்பவர்கள் அல்ல. இதயப் பிரிவினருக்கோ கதிர் எந்த இடத்தில் எவ்வளவு விழப்போகிறது என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவே தாள்களைக் கொண்டுசேர்ப்பவர் நோயாளி, அல்லது அவருடன் வருபவர். அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. முடிவெடுப்பது மருத்துவர்கள், சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்பது உங்கள் கையில் இருக்கிறது.

1. முதலில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள்

கதிர்வீச்சின் அளவு "கிரே" என்ற அலகில் சொல்லப்படுகிறது. மார்பகம் முழுவதற்கும் தரும்போது 3 வாரங்களில் 15 தவணையாக 40 கிரே, அல்லது 5 வாரங்களில் 25 தவணையாக 50 கிரே என்பது வழக்கம். தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தவணையாக 26 கிரே தருவதும் உண்டு. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தவணைகள் சேரலாம்.

இது மார்பகத்துக்கான அளவு. பேஸ்மேக்கருக்குப் போய்ச்சேரும் அளவு வேறு. கருவிக்கு மொத்தச் சிகிச்சையிலும் 2 கிரேக்குள் இருந்தால் ஆபத்து குறைவு, 2 முதல் 5 வரை நடுத்தரம், 5ஐத் தாண்டினால் அதிகம் என்று, கதிரின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர்கள் வகை பிரிக்கிறார்கள். சில தயாரிப்பாளர்கள் தங்கள் கருவிக்கு வேறு வரம்பு வைத்திருப்பார்கள். அப்போது அந்த வரம்பையும் பார்க்க வேண்டும்.

"எனக்கு 40 கிரே தருகிறார்களாம், பேஸ்மேக்கர் தாங்குவது 2 கிரேதானாம்" என்று பயந்து சிகிச்சையை மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவி நேரடிக் கதிர்ப் பாதையில் இல்லாதபோது அதற்குப் போவது சிதறல் கதிர் மட்டுமே. 40 கிரே சிகிச்சையில் 5 சதவீதம் போய்ச்சேர்ந்தால்தான் 2 கிரே ஆகும். கதிர்ப் பாதையின் விளிம்பிலிருந்து சில சென்டிமீட்டர் விலகினாலே அளவு வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "எனக்கு எத்தனை கிரே?" என்பதோடு நிற்கக் கூடாது, "கருவிக்கு எத்தனை கிரே?" என்றும் கேளுங்கள்.

2. புற்றுநோய் உறுதியான வாரத்திலேயே கருவியைப் பற்றிச் சொல்லுங்கள்

கதிர்வீச்சு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் கீமோவுக்கும் பிறகுதான் வரும். அதனால் பேஸ்மேக்கர் பேச்சை அதுவரை தள்ளிவைக்கிறார்கள். அப்படித் தள்ளக் கூடாது.

கருவியை இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தால் அதற்கும் ஓர் அறுவை வேண்டும், புண் ஆற வேண்டும், கை மேலே தூக்குமளவுக்குத் தேற வேண்டும். கீமோ நடக்கும்போது வெள்ளணுக்கள் குறைவதால் கருவியைத் தொடும் அறுவையில் தொற்று அபாயம் கூடும். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று திட்டமிட மருத்துவர்களுக்கு மாதங்கள் வேண்டும். கதிர்வீச்சு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் சொன்னால் அந்த அவகாசம் இருக்காது.

பேஸ்மேக்கர் இனிமேல்தான் பொருத்தப்போகிறார்கள் என்றால் இன்னும் நல்லது. வழக்கமாக இடது காறை எலும்பின் கீழே வைப்பார்கள். இடது மார்பகத்தில் புற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்தால் வலது பக்கம் வைக்கலாம். இதயநோய் மருத்துவரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, கருவி அட்டை. பொருத்திய நாளில் கொடுத்த அந்தச் சிறு அட்டையில் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், பொருத்திய தேதி, இதயத்துக்குள் போகும் லீட் கம்பிகளின் விவரம் எல்லாம் இருக்கும். பேட்டரி தீர்ந்து கருவி மாற்றப்பட்டிருந்தால் பழைய அட்டையைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இரண்டு அட்டைகள் இருந்தால் பிந்தைய தேதியுள்ளதே வேண்டியது.

அட்டை தொலைந்திருந்தால் கருவியைச் சோதிக்கும் இயந்திரமே மாடலையும் எண்ணையும் காட்டிவிடும். ஆனால் எந்தத் தயாரிப்பு என்பது தெரிந்தால்தான் அதற்கான இயந்திரத்தை எடுக்க முடியும். ஒருவரின் இயந்திரம் இன்னொருவரின் கருவியோடு பேசாது. பொருத்திய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பிலும் மார்பு எக்ஸ்ரேயிலும் இந்த விவரம் கிடைக்கும்.

இரண்டாவது, அண்மையில் எடுத்த கருவிப் பரிசோதனை அறிக்கை. மூன்றாவது, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகள். நான்காவது, முன்பு எப்போதாவது மார்பிலோ கழுத்திலோ கதிர்வீச்சு வாங்கியிருந்தால் அதன் விவரம். கருவி அப்போதே உடலில் இருந்திருந்தால் அந்த அளவும் கணக்கில் சேரும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கதிர்வீச்சுப் பிரிவின் கோப்புக்கு. இன்னொன்று உங்கள் பையில்.

4. கருவிப் பரிசோதனையும், அந்தக் கடிதமும்

சிகிச்சைக்கு முன் இதயப் பிரிவில் கருவியை முழுமையாகச் சோதிக்க வேண்டும். மார்பின் மேல் ஒரு வட்டத் தலையை வைத்துத் திரையில் பார்க்கும் சோதனை இது, வலி இல்லை. பேட்டரியின் ஆயுள், இதயத்தைத் தூண்டத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்அளவு, இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கருவி எவ்வளவு நன்றாக உணர்கிறது, கம்பிகளின் மின்தடை ஆகியவை அதில் பதிவாகும். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள்தான் அடிப்படை. இவை இல்லாவிட்டால், சிகிச்சை முடிந்தபின் தெரியும் ஒரு குறை கதிரால் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில். "பேஸ்மேக்கர் நன்றாக இயங்குகிறது. கதிர்வீச்சுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது; திட்டம் போடுபவருக்கு உதவும் விவரம் எதுவும் இல்லை. கடிதத்தில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்:

- கருவியின் வகை: சாதாரண பேஸ்மேக்கரா, அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் ஐசிடியா, இரண்டு கீழறைகளையும் ஒருங்கே இயக்குவதா.
- நோயாளி கருவியை முழுவதும் சார்ந்திருக்கிறாரா. கருவி ஒரு கணம் நின்றால் அவரது இதயம் தானாகத் துடிக்குமா?
- இப்போதைய இயக்க முறையும், குறைந்தபட்சத் துடிப்பு எண்ணும்.
- பேட்டரி மாற்றும் கட்டம் நெருங்கியிருக்கிறதா.
- இந்தக் கருவிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கதிர்வீச்சு வரம்பு.
- சிகிச்சை நடக்கும்போது யாரை அழைப்பது, மறுபரிசோதனை எப்போது.

இவற்றில் இரண்டாவதுதான் மிக முக்கியம். கருவிக்குப் போகும் அளவு 2 கிரேக்குள் இருந்தாலும், கருவியையே நம்பித் துடிக்கும் இதயம் என்றால் கண்காணிப்பு ஒரு படி கூடும். எப்போதாவது மட்டும் கருவியின் உதவி தேவைப்படுபவருக்கு அவ்வளவு கெடுபிடி தேவைப்படாது. பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தால் மாற்றுவதை எப்போது வைத்துக்கொள்வது என்று இரண்டு மருத்துவர்களும் கலந்து பேச வேண்டும். கதிர் பட்டுக்கொண்டிருக்கும் தோலில் அறுவை செய்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.

5. திட்ட ஸ்கேன்: கையைத் தூக்கிய நிலையில் கருவி எங்கே இருக்கிறது?

சிமுலேஷன் என்று சொல்லப்படும் இந்த சிடி ஸ்கேனில் சாய்பலகையில் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். சிகிச்சை நாள்களிலும் இதே நிலைதான். கையைத் தூக்கும்போது தோலுக்கு அடியில் உள்ள கருவியும் சற்று நகரும். நின்றபடி எடுத்த பழைய எக்ஸ்ரேயைப் பார்த்து "கருவி தூரத்தில்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த ஸ்கேனுக்குப் போகும் முன்பே பேஸ்மேக்கர் இருப்பது கோப்பில் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் வழக்கமாக எடுப்பதைவிட மேலே வரை ஸ்கேனை நீட்டி, கருவி முழுவதையும் படத்துக்குள் கொண்டுவருவார்கள். பாதிக் கருவி மட்டும் படத்தில் இருந்தால் அதற்குப் போகும் அளவைக் கணக்கிட முடியாது; ஸ்கேன் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

கருவி பொருத்தியோ இடம் மாற்றியோ சில வாரங்களே ஆகியிருந்தால் கவனம் தேவை. புதிய லீட் கம்பி இதயச் சுவரில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்வரை, வழக்கமாக 4 முதல் 6 வாரம், அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். ஸ்கேன் அறையில் அதைச் சொல்லாமல் சிரமப்பட்டுக் கையைத் தூக்குபவர்கள் உண்டு. கம்பி விலகினால் அதைச் சரிசெய்யத் தனி அறுவை.

இடது மார்பகத்துக்குச் சிகிச்சை என்றால், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கும் முறையைச் சொல்லித்தருவார்கள். நுரையீரல் விரிந்து இதயம் கதிர்ப் பாதையிலிருந்து விலகுவதற்காக. பேஸ்மேக்கர் இருந்தாலும் இதைச் செய்யலாம். ஆனால் நெஞ்சு உயரும்போது கருவியின் இடமும் மாறும் என்பதால், மூச்சுப் பிடித்த ஸ்கேனிலேயே கருவியையும் குறிக்க வேண்டும். வீட்டில் படுத்தபடி 20 நொடி மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டு போனால் அன்று பதற்றம் குறையும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

6. திட்டம்: இங்குதான் எல்லாம் முடிவாகிறது

கருவி எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்தால் திட்டத்தில் செய்யும் ஒவ்வொன்றின் காரணமும் புரியும். பழுது இரண்டு வழியில் வரும். ஒன்று, கதிர் சிறிது சிறிதாகச் சேர்ந்து உள்ளிருக்கும் நுண்சுற்றைத் தளர்த்துவது. இதற்குத்தான் அந்த 2 கிரே, 5 கிரே கணக்கு. இன்னொன்று, நியூட்ரான் என்ற அணுத்துகள். உயர் ஆற்றல் கதிர் இயந்திரத்தின் உலோகப் பாகங்களில் மோதும்போது நியூட்ரான்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்று கருவியின் நினைவகத்தில் ஒரு தகவலைப் புரட்டிவிட்டால் போதும். கருவி தன்னைத் தானே மீட்டமைத்துக்கொண்டு அவசரகால முறைக்குப் போய்விடலாம். இதற்கு மொத்த அளவு கணக்கில்லை. முதல் தவணையிலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

அதனால் முதல் கேள்வி: "எந்த ஆற்றலில் தருகிறீர்கள்?" மார்பகத்துக்கு 6 எம்வி (மெகாவோல்ட், கதிரின் ஆற்றலைச் சொல்லும் அலகு) கதிரே பெரும்பாலும் போதுமானது. பேஸ்மேக்கர் இருப்பவருக்கு 10 எம்விக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 15, 18 எம்வி கதிர்களிலும் புரோட்டான் சிகிச்சையிலும் நியூட்ரான் வரும். தவிர்க்க முடியாமல் அவற்றைத் தரும்போது வாரந்தோறும் கருவியைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "கழுத்துப் பக்க நிணநீர் முடிச்சுகளுக்கும் கதிர் உண்டா?" மார்பகத்துக்கு மட்டும் என்றால் கதிர் பக்கவாட்டில் சாய்வாக வருகிறது, காறை எலும்பின் கீழுள்ள கருவி பெரும்பாலும் அதன் மேல் விளிம்புக்கு வெளியே இருக்கும். எதிர்ப்பக்க மார்பகம் என்றால் கவலை இன்னும் குறைவு. காறை எலும்பை ஒட்டிய முடிச்சுகளுக்கும் தர வேண்டும், கருவியும் அதே பக்கம் என்றால் அது நேரடிப் பாதைக்குள்ளேயே வந்துவிடும். உண்மையான தலைவலி இந்தச் சேர்க்கையில்தான்.

கருவிக்குப் போகும் அளவைக் குறைக்க இயற்பியலாளர் சில வழிகளை முயல்வார்: கோணத்தை மாற்றுவது, இயந்திரத் தலையிலுள்ள உலோக இதழ்களால் கருவியின் பகுதியை மறைப்பது, பெரிய மார்பகம் உள்ளவரைக் குப்புறப் படுக்கவைப்பது, தகுதியுள்ளவருக்கு மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் தருவது. ஆனால் கருவியைக் காப்பதற்காகப் புற்றுநோய் இருக்கக்கூடிய இடத்தில் கதிரைக் குறைக்கும் திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். கருவியை மாற்றலாம், இடம் பெயர்க்கலாம். விடுபட்ட முடிச்சில் நோய் திரும்பினால் கதை வேறு. இந்தக் கேள்வியை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "கருவிக்காக எந்த இடத்திலாவது அளவைக் குறைத்திருக்கிறீர்களா?"

"மேலே ஓர் ஈயத் தகட்டை வைத்து மூடிவிடக் கூடாதா?" என்று கேட்காத குடும்பம் இல்லை. கருவிக்கு வரும் சிதறல் கதிரில் பெரும்பங்கு உடலுக்குள்ளிருந்தே வருகிறது. மேலே போடும் தகடு அதைத் தடுக்காது. நியூட்ரானையும் ஈயம் நிறுத்தாது.

லீட் கம்பிகள் கதிர்ப் பாதையில் வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை வெறும் கடத்திகள். கதிரால் பாதிக்கப்படுவது மின்சுற்றும் பேட்டரியும் இருக்கும் பெட்டிதான். இரண்டு விதிவிலக்குகளை மட்டும் மனத்தில் வையுங்கள். கம்பியில்லாத பேஸ்மேக்கரில் கருவி முழுவதும் இதயத்துக்குள்ளேயே, பெரும்பாலும் வலது கீழறையில், இருக்கிறது. இதயத்துக்குப் போகும் அளவே கருவிக்கும் போகும். தோலுக்கடியில் பொருத்தும் ஐசிடி வகையில் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே விலாவோரம் இருக்கும். இடது மார்பகச் சிகிச்சையில் அது நேரடிப் பாதையிலேயே மாட்டிக்கொள்ளலாம். "பேஸ்மேக்கர் மாதிரி ஒன்று" என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பது இதனால்தான்.

திட்டம் முடிந்ததும் கருவிக்கான மதிப்பீட்டு அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடுதல் தவணைகளும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

7. இடம் மாற்றச் சொன்னால்

கருவிக்கு 5 கிரேக்கு மேல் போகும், அல்லது கருவி நிற்கும் இடமே சிகிச்சைக்குத் தடை என்றால்தான் இடமாற்றம் பேசப்படும். 5 கிரேக்குக் கீழே இருக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று மாற்றுவது தேவையில்லாத ஆபத்து. ஒரு கருவியை எடுத்து வேறு பக்கம் வைப்பதில் தொற்று, இரத்தக்கசிவு, கம்பிக் கோளாறு எல்லாம் உண்டு.

மாற்றுவது என்று முடிவானால் கேட்க வேண்டியவை: பழைய கம்பிகளை என்ன செய்வார்கள், புண் ஆற எத்தனை நாள், கையை எப்போது தூக்கலாம், அதனால் கதிர்வீச்சு எவ்வளவு தள்ளிப்போகும். கடைசிக் கேள்விக்குப் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

8. முதல் தவணைக்கு முந்தைய நாள் சரிபார்ப்பு

சிகிச்சை தரும் தொழில்நுட்பரிடம் கருவி பற்றிய குறிப்பு போயிருக்கிறதா என்று தொலைபேசியிலாவது கேளுங்கள். கோப்பில் மருத்துவர் எழுதியது இயந்திர அறைக்கு வராமல் போவது அதிசயமல்ல.

கருவியைச் சார்ந்திருப்பவர் என்றால், அறைக்கு அருகே அவசர மருந்துத் தள்ளுவண்டியும், மார்பின் மேல் ஒட்டி இதயத்தைத் தூண்டும் வெளிக்கருவியும் இருக்கின்றனவா, அவற்றை இயக்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் இருப்பாரா என்று கேட்பதில் தவறில்லை. மாலை நேரத் தவணையைவிட இதயப் பிரிவு இயங்கும் நேரத்தில் இடம் கேட்டு வாங்குங்கள்.

ஐசிடி இருப்பவருக்கு இன்னொரு படி. சிகிச்சையின்போது மின்குறுக்கீட்டைத் தவறாகப் படித்து அது அதிர்ச்சி கொடுத்துவிடாமல் இருக்க, சில மையங்களில் அதிர்ச்சிப் பகுதியை மட்டும் தற்காலிகமாக நிறுத்துவார்கள். காந்தம் வைத்து நிறுத்தினால், எடுத்தவுடன் வழக்கமாக அது மீண்டும் இயங்கும். கணினி வழியாக நிறுத்தினால் மறுபடி கணினி வழியாகத்தான் இயக்க வேண்டும். இயக்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் உடலில் ஐசிடி இருந்தும் இல்லாத நிலை. "மறுபடி இயக்கிவிட்டீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே கதவைத் தாண்டுங்கள். சாதாரண பேஸ்மேக்கரில் காந்தம் வேறு வேலை செய்யும்: இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் தூண்டவைக்கும். அதனால் காந்தத்தை நீங்களாக வைக்கவே கூடாது.

9. சிகிச்சை நாள்கள்

முதல் நாளில் கருவியின் மேல் தோலில் நகத்தளவுள்ள ஓர் அளவுமானியை ஒட்டுவார்கள். சிறு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஒரு சில்லு. ஒட்டுநாடாவைப் பிய்க்கும்போது இழுப்பது தவிர வேறு எதுவும் தெரியாது. கதிர்ப் பாதைக்கு வெளியே விழும் சிறு அளவுகளைத் திட்டக் கணினி குறைத்துக் காட்டும் போக்கு உண்டு. அதைச் சரிபார்க்கவே இந்த அளவீடு. ஒருநாள் அளவைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் தோராயமாகத் தெரியும். அந்த எண் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று மறுநாள் கேளுங்கள். ஒட்டவில்லை என்றால் முதல் தவணை தொடங்கும் முன்பே நினைவூட்டுங்கள்.

மேசையில் படுத்ததும் எல்லோரும் அறையை விட்டு வெளியேறுவார்கள். கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; பேசினால் கேட்கும். தலைசுற்றல், நெஞ்சில் துடிதுடிப்பு, கண் இருட்டுதல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும்போது பேசலாமா என்று தயங்க வேண்டாம். கதிரை எந்த நொடியிலும் நிறுத்த முடியும்.

நிலையைச் சரிபார்க்கத் தினமும் எடுக்கும் படங்களும் கருவிக்குச் சிறிது கதிரைத் தருகின்றன. படத்தின் எல்லையைக் கருவிக்கு வெளியே நிறுத்த முடிந்தால் நல்லது. இதை இயற்பியலாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் படத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நிலை தவறினால் கருவியே பாதைக்குள் வந்துவிடலாம்.

நடுவில் எத்தனை முறை கருவியைச் சோதிப்பது என்பது ஆபத்து வகையைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் முடியும் 5 தவணைச் சிகிச்சையில் ஒரு கண்ணி இருக்கிறது. "வாரம் ஒருமுறை பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் முதல் சோதனைக்கு முன்பே சிகிச்சை முடிந்துவிடும். எந்தத் தவணைக்குப் பிறகு, எந்த நாளில் என்று தேதி போட்டு வாங்குங்கள்.

10. வீட்டில் நாடி பார்ப்பது

இதை எல்லோருமே செய்யலாம். தினமும் ஒரே நேரத்தில், 5 நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகு, மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள்; ஒழுங்கற்ற துடிப்பு அதில் மறைந்துவிடும். சிகிச்சை தொடங்கும் ஒரு வாரம் முன்பே தொடங்கினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்திருக்கும்.

கருவியின் குறைந்தபட்ச எண் 60 என்றால் நாடி அதற்குக் கீழே தொடர்ந்து இருக்கக் கூடாது. இடையில் வரும் கூடுதல் துடிப்புகள் மணிக்கட்டுக்கு எட்டாமல் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டலாம் என்பதால் ஒருமுறை குறைந்தால் பதற வேண்டாம்; சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் அழைத்துவிடுங்கள். நாடி ஒரு புதிய எண்ணில் அப்படியே நின்று, நடந்தாலும் ஏறாமல், வழக்கத்துக்கு மாறான சோர்வும் சேர்ந்தால் கருவி அவசரகால முறைக்குப் போயிருக்கலாம். பெரும்பாலும் இதயப் பிரிவில் கணினி வழியாகவே பழைய முறைக்குத் திருப்பிவிடுவார்கள்.

மயக்கம் போட்டு விழுதல், மூச்சுத் திணறல், ஐசிடி அதிர்ச்சி கொடுத்தல் ஆகியவற்றுக்கு அடுத்த தவணைவரை காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவு. நிற்காத விக்கல், கருவிப் பக்கம் தசை துடித்தல், கருவியிலிருந்து பீப் ஒலி என்றால் அன்றே இதயப் பிரிவுக்குச் சொல்லுங்கள். சோர்வு மட்டும் என்றால் அது கதிர்வீச்சின் வழக்கமான விளைவாகவே இருக்கலாம், ஆனாலும் நாடியைப் பார்த்துவிட்டே அப்படி முடிவு செய்யுங்கள்.

11. கருவியின் மேலுள்ள தோல்

கதிர் பட்ட தோல் சிவந்து, கருத்து, சில இடங்களில் உரியும். மென்மையான சோப்பு, தேய்க்காத குளியல், மருத்துவர் சொன்ன களிம்பு, இறுக்காத பருத்தி உள்ளாடை போதும். உள்ளாடைப் பட்டையோ கார் பெல்ட்டோ கருவியின் மேட்டில் உரசாமல் ஒரு மெல்லிய துணியை இடையில் வையுங்கள்.

கதிரால் வரும் சிவப்பு கதிர் பட்ட பரப்பு முழுவதும் ஒரே மாதிரி பரவியிருக்கும். கருவியின் மேட்டில் மட்டும் வீக்கம், சூடு, தோல் இழுபட்டுப் பளபளத்தல், நீர் கசிதல், கூடவே காய்ச்சல் என்றால் அது கருவி வைத்திருக்கும் தோலடிப் பையில் வந்த தொற்றாக இருக்கலாம். "கதிர்வீச்சுப் புண்தான்" என்று களிம்பு தடவிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். அங்கே ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் விடாதீர்கள். இதயநோய் மருத்துவர் முதலில் பார்க்கட்டும்.

12. கடைசித் தவணைக்குப் பிறகு

கடைசி நாள் அன்றோ அதை ஒட்டியோ கருவியை ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். முதல் அறிக்கையை எடுத்துப்போங்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சிகிச்சைக்காக ஏதாவது அமைப்பை மாற்றியிருந்தால் அதைத் திருப்பவும் இதுவே இடம்.

இத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். சில குறைகள் தாமதமாகவும் தெரியவரலாம், பேட்டரி எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தீர்வதும் அதில் ஒன்று. அதனால் 1, 3, 6 மாதங்களில் மறுபரிசோதனை வைக்கும் மையங்கள் உண்டு. வீட்டிலிருந்தே தகவல் அனுப்பும் கருவியாக இருந்தால் நடுவில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது தகவலை அனுப்பும். அமைப்பை மாற்றுவதற்கு நேரில்தான் போக வேண்டும்.

சிகிச்சைச் சுருக்கத்தில் மார்பகத்துக்குத் தந்த அளவு மட்டும்தான் வழக்கமாக இருக்கும். கருவிக்கு மொத்தம் எத்தனை கிரே போயிற்று, அது கணக்கிட்டதா அளந்ததா, எந்த ஆற்றல், எந்தத் தேதிகள் என்பதையும் சேர்த்து எழுதித் தரச்சொல்லுங்கள். அந்தத் தாளின் நகலைக் கருவி அட்டையோடு சேர்த்துப் பையில் வையுங்கள். இன்னொரு நகல் இதயப் பிரிவின் கோப்புக்கு. பின்னால் வேறொரு இடத்துக்குக் கதிர்வீச்சு தேவைப்பட்டால், அதே கருவி உடலில் இருக்கும்வரை புதிய அளவை இதோடு கூட்டியே பார்ப்பார்கள். பேட்டரி தீர்ந்து புதுப் பெட்டி வைத்த பிறகு கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அப்போது அட்டையையும் மாற்றிவிடுங்கள்.